விடுமுறையில் ஒரே ஒரு பழைய ஆங்கில நாவல்: எதை எடுப்பது?

அக்கா மகள் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முதல் வருடம் முடித்திருக்கிறாள். போன மாதம் போன் செய்து கேட்டாள்: "மாமா, அடுத்த செமஸ்டர்ல பதினெட்டாம் நூற்றாண்டு வருது. லீவுல ஒரே ஒரு சென்டிமென்டல் நாவலாவது முழுசா படிச்சிடலாம்னு இருக்கேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, எதை எடுக்கட்டும்?"

அவளிடம் இருந்த பட்டியலில் நான்கு பெயர்கள். ரிச்சர்ட்சனின் 'பமீலா', கோல்ட்ஸ்மித்தின் 'தி விக்கர் ஆஃப் வேக்ஃபீல்ட்', ஸ்டெர்னின் 'எ சென்டிமென்டல் ஜர்னி', மெக்கன்சியின் 'தி மேன் ஆஃப் ஃபீலிங்'. அன்றைக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். இன்று நாம் ஒரு படத்தை 'ஒரே சென்டிமென்ட்' என்றால் பாதி குறையாகத்தான் சொல்கிறோம். இந்த நாவல்கள் வந்த காலத்தில் அது பாராட்டு. அடுத்தவர் துன்பத்தைக் கண்டு கலங்குகிற மனமே நல்ல மனம், அந்தக் கலக்கத்தை மறைக்க வேண்டியதில்லை என்று நம்பிய காலம் அது. இந்த நம்பிக்கையை மனதில் வைத்துக்கொண்டு திறந்தால்தான் நான்கில் எதுவும் பிடிபடும்.

'பமீலா' 1740-இல் வந்தது. ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் வைத்திருந்தவர். எழுதிப் பழகாதவர்களுக்காக மாதிரிக் கடிதங்கள் கொண்ட கையேடு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை அவருக்குப் பிடிபட்டது. 15 வயது வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களாகவும் நாட்குறிப்பாகவும் கதை நகர்கிறது. எஜமானி இறந்துபோகிறாள். அவள் மகன் இந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்கிறான், ஏமாற்றிக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் அடைத்து வைக்கிறான், கடைசியில் மனம் திருந்தி அவளையே மணக்கிறான். ஒரு வேலைக்காரியின் பேனாவுக்குள் இவ்வளவு அறிவும் பிடிவாதமும் இருக்கும் என்று காட்டியதே பெரிய காரியம். ஆனால் நீளம். அதோடு, தன்னைச் சிறைவைத்தவனைக் கட்டிக்கொள்வதுதான் நல்லொழுக்கத்துக்குக் கிடைக்கும் பரிசு என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆங்கில நாவலின் வளர்ச்சியைத் தொடர்ந்து படிக்கப் போகிறவர்கள் இதைத் தவிர்க்க முடியாது. ஒன்றே ஒன்றுதான் என்றால் இது வேண்டாம்.

ஸ்டெர்னின் புத்தகம் 1768 பிப்ரவரியில் வந்தது. அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார். தலைப்பில் பிரான்சும் இத்தாலியும் உண்டு, கதை இத்தாலிக்குப் போய்ச் சேராமலே ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்து நிற்கிறது. ஸ்டெர்னும் பாதிரியார், கதை சொல்லும் யோரிக்கும் பாதிரியார். பாஸ்போர்ட் இல்லாமல் பாரிஸில் மாட்டிக்கொண்ட யோரிக், பாஸ்டீல் சிறை அப்படியொன்றும் மோசமாக இருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, கூண்டில் இருக்கும் ஒரு மைனா இனப் பறவை 'வெளியே வர முடியவில்லை' என்று பழக்கிய குரலில் சொல்லும். அந்த ஒரு பக்கத்துக்காக இந்தப் புத்தகத்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த எழுத்து தாவித் தாவிப் போகும். சொல்லாமல் விட்டதில்தான் பாதி சுவை. அந்தக் கால ஆங்கிலம் காதுக்குப் பழகாதவருக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்க மாட்டேன்.

மெக்கன்சியின் நாவல் 1771. நான்கில் சிறியது. ஒரு பழைய கைப்பிரதியைக் கிராமத்துத் துணைப் பாதிரியார் ஒருவர் துப்பாக்கியில் திணிக்கக் கிழித்துக் கிழித்துப் பயன்படுத்திவிட்டார், மிச்சம் கிடைத்த தாள்கள்தான் இது என்று தொடங்குவதால், முதல் பக்கத்திலேயே 11-ஆம் அத்தியாயம் வந்து நிற்கும். ஹார்லி என்ற மென்மையான மனிதன் போகிற இடமெல்லாம் துன்பத்தைப் பார்க்கிறான், அழுகிறான். 1886-இல் வந்த ஒரு மறுபதிப்பில், எந்தப் பக்கத்தில் யார் கண்ணீர் விடுகிறார்கள் என்று ஒரு அட்டவணையே போட்டிருந்தார்கள். நூறு வருடத்தில் ஒரு புத்தகத்தின் கண்ணீர் எண்ணிப் பார்க்கும் பொருளாகிவிட்டது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று புரிகிறது. ஹார்லிக்கு மனைவி இல்லை, காலையில் எழுந்து சாப்பாடு போட வேண்டிய பிள்ளைகள் இல்லை. வேரில்லாத இரக்கம் அது.

இனி 'விக்கர் ஆஃப் வேக்ஃபீல்ட்'. என் பதில் இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. காரணங்களை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஆலிவர் கோல்ட்ஸ்மித் அயர்லாந்துக்காரர், பாதிரியாரின் மகன். டப்ளினில் படித்து, ஐரோப்பாவில் நடந்தே பல ஊர் சுற்றி, லண்டனில் எழுதிப் பிழைத்தவர். கையில் காசு நிற்காது. வீட்டு வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரம்மா அவரைப் பிடித்து வைத்திருந்த ஒரு நாளில் சாமுவேல் ஜான்சனுக்கு ஆள் அனுப்பினார். ஜான்சன் முதலில் ஒரு கினி தங்க நாணயத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னாலேயே நேரில் போனார். அந்தக் கினி அதற்குள் ஒரு மடேரா ஒயின் பாட்டிலாக மேசைமேல் இருந்தது. ஜான்சன் பாட்டிலை மூடிவிட்டு, விற்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கோல்ட்ஸ்மித் ஒரு நாவலின் கைப்பிரதியை நீட்டினார். ஜான்சன் அதை எடுத்துப்போய் 60 பவுண்டுக்கு விற்றுக் கொடுத்தார். பாஸ்வெல் எழுதிய ஜான்சன் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் காட்சி இருக்கிறது. வாங்கியவர்கள் உடனே அச்சிடவில்லை. 'தி டிராவலர்' என்ற கவிதை 1764 கடைசியில் வந்து கோல்ட்ஸ்மித்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு, 1766 மார்ச்சில் நாவல் இரண்டு சிறு தொகுதிகளாக வெளியானது. இந்தப் பொருளில் நூறு குறைகள் இருக்கின்றன என்று ஆசிரியரே முன்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கதையை டாக்டர் பிரிம்ரோஸே, அதாவது தலைப்பில் வரும் விக்கரே (ஊர்ப் பாதிரியாரே), சொல்கிறார். இங்கிலாந்து திருச்சபையின் பாதிரியார்கள் மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் 'ஐயர்', 'ஐயரம்மா' என்று சபை மக்கள் கூப்பிடும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வீடு அந்நியமாகத் தெரியாது. மனைவி டெபோரா, பிள்ளைகள் ஆறு பேர். சொந்தச் சொத்து இருப்பதால், பாதிரியார் வேலைக்குக் கிடைக்கும் வருடம் 35 பவுண்டை இறந்துபோன பாதிரியார்களின் விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். மூத்த மகன் ஜார்ஜுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பணத்தை ஒப்படைத்திருந்த நகரத்து வணிகன் ஓடிப்போகிறான். 14,000 பவுண்டில் மிஞ்சியது 400. கல்யாணம் நின்றுபோகிறது. வருடம் 15 பவுண்டு வருமானமுள்ள ஒரு சின்ன இடத்துக்குக் குடும்பமே கிளம்புகிறது. தலைப்பில் உள்ள வேக்ஃபீல்ட் இவ்வளவுதான், ஆரம்ப அத்தியாயங்களோடு அந்த ஊர் பின்னால் போய்விடும்.

மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. பணம் போனால் ஒரு வீட்டில் என்னென்ன மாறும், என்னென்ன மாறாது என்பதை இந்த நாவல் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுகிறது. ஏழையான பிறகும் பெண்கள் முகத்துக்குப் பூச ஏதோ ஒன்றை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். அப்பா மெல்ல நாற்காலியை நகர்த்தி, நெருப்பைக் கிளறுகிற சாக்கில் அதைக் கவிழ்த்துவிடுகிறார். பக்கத்து வீட்டு ஃபிளாம்பரோ குடும்பம் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தோடு படம் வரைந்துகொண்டதால், இவர்களுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும். அம்மா வீனஸ், மூத்த மகள் ஒலிவியா அமேசான் வீராங்கனை, இளையவள் சோஃபியா இடைச்சி. அங்கி போட்ட பாதிரியார் வீனஸுக்குத் தம் புத்தகங்களைப் பரிசளிக்கிறார். எல்லோரும் ஒரே சட்டத்துக்குள். முடிந்த பிறகு பார்த்தால், அந்த வீட்டின் எந்தக் கதவு வழியாகவும் படம் நுழையாது. அது சமையலறைச் சுவரில் சாய்ந்தே நிற்கிறது.

அப்புறம் அந்தப் பச்சைக் கண்ணாடி. மகன் மோசஸ் குதிரைக்குட்டியைச் சந்தையில் 3 பவுண்டு 5 ஷில்லிங் 2 பென்ஸுக்கு விற்று, அந்தப் பணத்துக்கு 144 பச்சை மூக்குக்கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு வருகிறான். வெள்ளிச் சட்டம் என்று சொன்னது முலாம் பூசிய செம்பு. இதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு அத்தியாயம் தள்ளி நடப்பதை யாரும் சொல்வதில்லை. அடுத்த குதிரையை விற்க அப்பாவே போகிறார். மனைவியை இழந்த பாதிரியார் மறுமணம் செய்யக் கூடாது என்பது அவருடைய கொள்கை, அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். சந்தையில் நரைத்த முடியோடு ஒரு முதியவர், நீங்கள்தானே அந்தப் பெரிய பிரிம்ரோஸ் என்று கேட்டு உருகுகிறார். அவ்வளவுதான், குதிரை போயிற்று. மோசஸை ஏமாற்றிய அதே ஆள். மகனை ஏமாற்ற வெள்ளி தேவைப்பட்டது, அப்பாவை ஏமாற்றப் புகழ் போதுமாக இருந்தது. நல்லவருக்கும் பலவீனம் எந்த இடத்தில் இருக்கும் என்று இவ்வளவு அன்போடு காட்டிய வேறொரு காட்சியை நான் படித்ததில்லை.

இதனால்தான் கண்ணீர் வரும்போது அது தாங்க முடியாததாக இருக்கிறது. 17-ஆம் அத்தியாயத்தில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது சின்னவன் டிக் ஓடிவந்து, ஒலிவியா அக்கா வண்டியில் போய்விட்டாள் என்கிறான். பொறுமையைப் பற்றி அதுவரை பிரசங்கம் செய்துவந்த தகப்பன் என் துப்பாக்கிகளைக் கொண்டுவா என்று கத்துகிறார். உங்கள் வயதான கைகளுக்கு இப்போது பைபிள் மட்டுமே ஏற்ற ஆயுதம் என்று டெபோரா தடுக்கிறாள். அதுவரை ஆடம்பரப் பிரியையாகவே தெரிந்த அந்த அம்மாவின் வாயிலிருந்து வரும் வார்த்தை இது. பிறகு அவர் மகளைத் தேடி நடக்கிறார், வழியில் காய்ச்சலில் வாரக்கணக்கில் விழுந்து கிடக்கிறார், கடைசியில் ஒரு சாலையோரச் சத்திரத்தில், காசில்லாததற்காக அவளை வீட்டுக்காரி வெளியே இழுத்துத் தள்ளும் குரல் கேட்கிறது. பத்தாயிரம் குற்றம் செய்திருந்தாலும் உன் அப்பன் அத்தனையையும் மறந்துவிடுவான் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறார். மகளை விடுதியில் தங்கவைத்துவிட்டு, வீட்டைத் தயார்செய்ய முன்னால் வருகிறார். வீடு எரிந்துகொண்டிருக்கிறது.

இதை 'பமீலா'வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கெடாமல் நின்ற பெண்ணுக்குப் பரிசு. இங்கே ஏமாந்துபோன பெண்ணுக்கு வீடு. ஒரு தகப்பனாக எனக்கு இரண்டாவதுதான் பெரியது.

குறை இல்லாமல் இல்லை. அதே ஒலிவியா 24-ஆம் அத்தியாயத்தில் பாடும் சிறு பாட்டு, அப்படி ஏமாந்த பெண்ணுக்குச் சாவு ஒன்றே வழி என்று முடிகிறது. டி.எஸ். எலியட் 1922-இல் 'தி வேஸ்ட் லேண்ட்'டில் அதன் முதல் வரியை எடுத்து வேறொரு பெண்ணின் அறைக்குள் வைத்தார், அந்த வரியின் கொடுமை அங்கே இன்னும் நன்றாகத் தெரியும். கடைசி மூன்று அத்தியாயங்களில் முடிச்சுகள் அவிழும் வேகமும் நம்பக்கூடியதல்ல. ஒலிவியாவை ஏமாற்றிய வில்லனுக்கும் அவளுக்கும் உள்ள உறவை ஒரு சட்ட நுணுக்கத்தால் சரியாக்கிவிடுவதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர், இது சென்டிமென்டல் நாவலே அல்ல, பிரிம்ரோஸைக் கிண்டல் செய்யும் நாவல் என்று வாதிட்டார்கள். முன்பாதியைப் படிக்கும்போது அவர்கள் சொல்வது சரி என்று தோன்றும். சிறைக்கு வந்தபின் தோன்றாது.

சிறை அத்தியாயங்கள்தான் பலர் தாண்டிப்போகும் பகுதி. வாடகை பாக்கிக்காகப் பாதிரியாரைப் பனியில் இழுத்துச் செல்கிறார்கள். உள்ளே கைதிகள் அவருடைய பிரார்த்தனையைக் கேலி செய்கிறார்கள். அவர் விடாமல் மறுநாளும் வாசிக்கிறார். சில நாட்களில் சிலர் கேட்கத் தொடங்குகிறார்கள். பிறகு அவர்களுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்து, செய்த பொருளை விற்று, சோம்பலுக்கு அபராதமும் உழைப்புக்குப் பரிசும் ஏற்படுத்துகிறார். திருட்டுக்கெல்லாம் தூக்குப் போடும் சட்டம் தவறு, தண்டனை மனிதனைத் திருத்த வேண்டும் என்று 27-ஆம் அத்தியாயத்தில் நேராகவே வாதிடுகிறார். ஜான் ஹோவர்ட் இங்கிலாந்துச் சிறைகளைச் சுற்றிப்பார்த்து எழுதிய அறிக்கை 1777-இல்தான் வந்தது. அதற்குப் 11 வருடம் முன்னால் ஒரு குடும்பக் கதைக்குள் இது இருக்கிறது. ஹார்லி அழுத இடத்தில் பிரிம்ரோஸ் வேலை செய்கிறார் என்பதுதான் மெக்கன்சிக்கும் கோல்ட்ஸ்மித்துக்கும் உள்ள தூரம்.

சரி, புத்தகம் முடிவாயிற்று. எந்தப் பதிப்பு என்பது அதே அளவுக்கு முக்கியம். இதில் நான் ஒருமுறை இழந்திருக்கிறேன். கல்லூரியில் எனக்குக் கிடைத்தது மாணவர்களுக்காகச் சுருக்கிய ஒரு மெல்லிய பதிப்பு. பச்சைக் கண்ணாடி இருந்தது, வீடு எரிந்தது, கடைசியில் கல்யாணம் நடந்தது. பாட்டுகள் இல்லை, சிறைப் பிரசங்கம் இல்லை, 19-ஆம் அத்தியாயத்து அரசியல் விவாதம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இதை ஒரு நல்ல சிறுவர் கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாவலைச் சுருக்கினால் வெட்டுப்படுவது உயிர்தான். சுருக்கம் வேண்டவே வேண்டாம்.

பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் முழு மூலமும் இலவசமாக இருக்கிறது. 32 சிறு அத்தியாயங்கள், நாளுக்கு ஒன்று படித்தால் ஒரு மாதத்தில் முடியும். குறிப்புகள் இல்லாதது மட்டுமே குறை. அது சின்னக் குறையல்ல. பிரிம்ரோஸ் அடிக்கடி இழுக்கும் விஸ்டன் யார் என்பதே ஒரு சின்ன உதாரணம். நியூட்டனுக்குப் பின் கேம்பிரிட்ஜில் அவருடைய பேராசிரியர் பதவிக்கு வந்து, சமயக் கொள்கைக்காக 1710-இல் வெளியேற்றப்பட்டவர். மறுமணம் கூடாது என்று பிரிம்ரோஸ் அவரைப் பின்பற்றித்தான் சொல்கிறார். இது தெரியாவிட்டால் பிரிம்ரோஸின் மறுமணக் கொள்கை வெறும் கிறுக்காகத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ், பெங்குவின் கிளாசிக்ஸ் இரண்டிலுமே குறிப்புகள் உண்டு. தேர்வுக்குப் படிப்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்வேன். ஆர்தர் ஃபிரீட்மன் ஒழுங்குசெய்த மூலம் அதில் இருக்கிறது, கட்டுரையில் மேற்கோள் காட்ட நம்பிக்கையாக இருக்கும். பழைய புத்தகக் கடையில் எது கிடைத்தாலும் மறுக்க வேண்டாம்.

ஒலிப்புத்தகம்? லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் படித்தது இலவசமாகக் கிடைக்கும். இரண்டாம் முறைக்கு நல்லது. 1770-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹெர்டர் என்ற ஜெர்மன் சிந்தனையாளர் இதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பை இளைஞர் கதேவுக்கும் நண்பர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். கேட்டவர்கள் உருகினார்கள். ஹெர்டருக்கோ கோபம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் இன்னொருவரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, 'அவர்' என்பதிலிருந்து ஒரு கணம் 'நான்' என்று நழுவுகிறது. அதைக்கூடக் கவனிக்காமல் என்ன கேட்டீர்கள் என்று திட்டினாராம். கதே தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். கதேவுக்கே காதில் தப்பியது நமக்கும் தப்பும். அதனால் முதல் முறை கண்ணால் படிப்பதே நல்லது. அந்த நழுவலைக் கண்டுபிடிப்பவருக்கு நாவலின் பாதி ரகசியம் கையில் வந்துவிடும்.

படங்களுக்கு ஒரு வார்த்தை. 1817-இல் ரோலண்ட்சன், 1843-இல் மல்ரெடி, 1890-இல் ஹ்யூ தாம்சன், 1929-இல் ஆர்தர் ராக்கம் என்று பலர் இதற்கு வரைந்திருக்கிறார்கள். பழைய பதிப்புகளின் ஸ்கேன் பிரதிகள் இணைய ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும். எனக்கு மல்ரெடிதான் பிடிக்கும். ஆனால் அதையும் முதல் முறை படித்து முடித்த பிறகு பாருங்கள்.

தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. கந்துகூரி வீரேசலிங்கம் இந்த நாவலைப் படித்த உந்துதலில்தான் 'ராஜசேகர சரித்திரமு' எழுதினார். முதல் தெலுங்கு நாவல் என்று பலரும் சொல்வது அதைத்தான். பாதிரியார் வீடு அங்கே கோதாவரிக் கரைத் தவளேஸ்வரத்தில் ஒரு பிராமணக் குடும்பமாகியிருக்கிறது. மூலத்தை முடித்துவிட்டு அதை எடுத்தால், எது கடல் தாண்டி வந்தது, எது அங்கேயே நின்றுவிட்டது என்று வரிக்கு வரி பார்க்கலாம்.

அக்கா மகள் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பையே வாங்கினாள். நேற்று இரவு போன் செய்து, "மாமா, அவ்வளவு பெரிய படம், கதவுக்குள்ளேயே போகலையே!" என்று சிரித்தாள். அப்படியானால் 16-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறாள். அடுத்து என்ன வருகிறது என்று நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.